முதல் ஜிபிஎஸ் வாங்கும் முன் ஒருதடவை சீயமங்கலம் போய்ட்டு வாங்க

"ஜியோகேச்சிங் ஆரம்பிக்கலாம்னு இருக்கேன், எந்த ஜிபிஎஸ் வாங்கலாம்?" ஹாஸ்டலில் இப்போ அடிக்கடி கேட்கிற கேள்வி. நீங்களும் கேட்கிறவர் என்றால், கார்டைத் தேய்க்கும் முன் இதைப் படிச்சிடுங்க.

தெரியாதவர்களுக்கு: ஒருவர் எங்கேயோ ஒரு டப்பாவை ஒளித்துவைத்து, அதன் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போடுவார். நாம் தேடிப் போய், உள்ளே இருக்கும் நோட்டில் பேர் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வரணும். 2000 மே மாதம் அமெரிக்கா ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்திருந்த பிழையை நிறுத்தியது. 100 மீட்டர் வரை தள்ளிக் காட்டிய கருவிகள் சில மீட்டருக்குள் வந்தன. மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தில் முதல் வாளியை ஒளித்துவைத்தார். விளையாட்டு அங்கே ஆரம்பம்.

நம்ம பக்கத்தில் இதைப் பழக ஒரு நல்ல இடம் சீயமங்கலம். தேசூர் பக்கம், பாறைக்குன்று, ஏரி, வெயில் எல்லாம் உண்டு. மகேந்திரவர்மன் 7ஆம் நூற்றாண்டில் குடைந்த அவனிபாஜன பல்லவேஸ்வரம் அங்கேதான் இருக்கு. அதன் தூணில் இருக்கும் ஆடும் சிவன், தமிழகத்தின் மிகப் பழைய ஆடவல்லான் சிற்பங்களில் ஒன்று. ரெண்டு பேர் போனோம். கையில் ஒரு போன், இரவல் வாங்கிய ஒரு கார்மின் இட்ரெக்ஸ் 10.

திறந்த வெளியில் ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே இடத்தைத்தான் காட்டின. பாறையை ஒட்டி நின்றால் ரெண்டுமே அலைந்தன. சிக்னல் பாறையில் பட்டுத் திரும்பி வருவதால் தூரக் கணக்கு தப்பும். விலை கூடினாலும் இது முழுசா போகாது. குடைவரைக்குள் சொல்லவே வேண்டாம். மேலே வானம் தெரிந்தால்தான் ஜிபிஎஸ்.

அப்போ தனிக் கருவி எதுக்கு? மதிய வெயிலில் போன் திரை மங்கியது, சூடானது, சார்ஜ் கரைந்தது. இட்ரெக்ஸ் ரெண்டு ஏஏ பேட்டரியில் சுமார் 25 மணி நேரம் ஓடும். தீர்ந்தால் பெட்டிக்கடையில் வேற வாங்கிப் போட்டுக்கலாம். கீழே விழுந்தாலும் மனசு பதறாது.

வாங்குவதாக முடிவு பண்ணினால் மூன்று விஷயம் பாருங்க.

ஒன்று, காம்பஸ். இட்ரெக்ஸ் 10, 22எக்ஸ் ரெண்டிலும் மின்னணுக் காம்பஸ் கிடையாது. நடந்தால்தான் திசை காட்டும், நின்றால் அம்பு சுத்தும். 32எக்ஸில் உண்டு. கடைசி பத்து மீட்டரில் இந்த வித்தியாசம் தெரியும்.

ரெண்டு, மேப். 10இல் மேப் ஏற்ற முடியாது. 22எக்ஸில் ஓபன்ஸ்ட்ரீட்மேப் இலவசமா ஏற்றலாம்.

மூன்று, வெளிநாட்டிலிருந்து பழசு வாங்கும்போது கவனம். இன்ரீச் மாதிரி சாட்டிலைட் வழியா மெசேஜ் அனுப்பும் கருவிகளை அரசு அனுமதி இல்லாமல் இந்தியாவில் வைத்திருப்பது சட்டப்படி குற்றம். ஏர்போர்ட்டில் மாட்டியவர்கள் உண்டு.

இன்னொன்று, இது காசு கேட்காத பாடம். ஜியோகேச்சிங் தளம் பாகை, தசம நிமிடம் என்று எழுதும். கூகுள் மேப்ஸ் பெரும்பாலும் தசமப் பாகையில் காட்டும். 12.5° என்றால் 12° 30.000'. அதை 12.30 என்று அடித்தால் 0.2 பாகை, அதாவது 22 கிலோமீட்டர் தள்ளிப் போயிடுவீங்க. எந்தக் கருவியும் இதைத் திருத்தாது.

கடைசியா ஒரு வேண்டுகோள். குடைவரையிலோ குன்றிலுள்ள சமணச் சிற்பங்கள் பக்கத்திலோ டப்பா ஒளிக்காதீங்க. ஒருத்தர் நல்லா ஒளித்தாலும், தேட வருகிற பத்துப் பேர் கல் இடுக்கில் கை விடுவாங்க, சிற்பத்தைப் பிடிச்சு ஏறுவாங்க. 1400 வருஷம் நின்ற தூணுக்கு நம்ம விளையாட்டால் ஒரு கீறல்கூட விழக்கூடாது. பாறை எப்படி உருவானது என்று கேள்வி கேட்கும் எர்த்கேச் வகைக்கு டப்பாவே தேவையில்லை. குன்றுக்கு அது பொருந்தும்.

என் முடிவு? முதல் பத்துத் தேடல் போனிலேயே. அதுக்கப்புறமும் ஆசை இருந்தா, நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு 22எக்ஸ். பேட்டரி செலவு மட்டும் முறை வச்சுக்கோங்க.