சுண்ணாம்பும் கைப்பேசியும்

நான் 31 ஆண்டுகள் கணக்கு வாத்தியாராக இருந்தவன். பள்ளிக்கூடத்துச் சுவரில் பையன்கள் கரிக்கட்டியால் எழுதும் பட்டப்பெயர்களை எத்தனையோ முறை ஆளை விட்டு அழிக்கச் சொல்லியிருக்கிறேன். ஒரு வாளிச் சுண்ணாம்பில் விஷயம் முடிந்தது என்று நினைப்பேன். அப்படிப் பெயர் எழுதப்பட்ட ஒரு பையன் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டான். ஏன் என்று அவனிடம் நான் கேட்கவே இல்லை.

சென்ற ஆண்டு, ஒன்பதாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த என் பேத்தி திடீரென்று பள்ளிக்குப் போகமாட்டேன் என்றாள். வயிற்று வலி என்றாள். டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். நாலு நாள் கழித்துப் பாட்டியிடம்தான் வாய் திறந்தாள். வகுப்புப் பிள்ளைகள் தாங்களாக ஆரம்பித்த வாட்ஸ்அப் குழுவில், அவள் வகுப்பில் தூங்கி வழிந்த படத்தை ஸ்டிக்கராக்கி, நிறத்தையும் சேர்த்துக் கேலி செய்து, ராத்திரி பதினொரு மணி வரை அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். சுவரில் எழுதியது பள்ளிக்கூடத்தோடு நின்றது. இது தலையணைக்குப் பக்கத்திலேயே வந்து கிடக்கிறது.

எனக்கு வந்த கோபத்தில் அவள் போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன். அவள் அழவில்லை. "இதுக்குத்தான் தாத்தா நான் சொல்லவே இல்ல" என்றாள்.

எனக்குப் பேச்சு வரவில்லை. கேலி செய்தவர்கள் கையில் போன் இருக்கிறது, அடிபட்டவளிடமிருந்து நான் பிடுங்கிவிட்டேன். அன்று சாயங்காலமே திருப்பிக் கொடுத்தேன்.

பிறகு அவள் அம்மாவோடு உட்கார்ந்து செய்தது இவ்வளவுதான். யாருக்கும் பதில் எழுதவில்லை. தேதி, நேரம், எண் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்தோம். அதன் பிறகே குழுவிலிருந்து விலகி, அந்த எண்களை பிளாக் செய்தாள். மறுநாள் வகுப்பாசிரியையைப் பார்த்தோம். அவர் பிள்ளைகளை எல்லார் முன்னாலும் நிறுத்தவில்லை. பெற்றோரைத் தனித்தனியாக அழைத்துப் பேசினார். அந்தக் குழுவிலிருந்த ஒரு பெண், தானே வந்து பேத்தியின் பக்கத்து இடத்தில் உட்கார்ந்தாள். எங்கள் பேச்சைவிட அதுதான் அவளைத் தேற்றியது.

நம் வயதுக்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். விஷயம் மிரட்டல், ஆபாசப் படம் என்று போனால் பள்ளியோடு நிறுத்தாதீர்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. சைபர் குற்றப் புகாருக்கு 1930. குழந்தையின் ஆபாசப் படத்தை "பாருங்கள், என்ன அநியாயம்" என்று உறவினருக்கு அனுப்பிவிடாதீர்கள். அப்படி அனுப்புவதே குற்றம். நேரே போலீசுக்குப் போங்கள்.

பேத்தி இப்போது பத்தாம் வகுப்பு. சில நாள் ராத்திரி, "தாத்தா, இதப் பாருங்களேன்" என்று போனை நீட்டுவாள். பெரும்பாலும் பூனை வீடியோதான். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு முழுவதும் பார்த்துவிடுகிறேன்.