குருவிக்குப் பங்கு வைக்கும் நாற்றங்கால்

புதுச்சேரிக்கு வடக்கே, ஆரோவிலைச் சுற்றியிருக்கும் செம்மண் மேட்டில், நாட்டு மரக்கன்றுகளை மட்டுமே வளர்க்கும் நாற்றங்கால் ஒன்றுக்கு ஆனி மாதக் கடைசியில் போயிருந்தேன். பறவைகள் வருவதற்கு வீட்டில் என்ன செடி வைக்கலாம் என்று கேட்கும் நண்பர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். பெயர்களைச் சொல்வது எளிது. அந்தச் செடிகள் யார் கையால் உருவாகி வருகின்றன என்பதை நேரில் பார்க்க விரும்பினேன்.

காலையிலேயே வேலை தொடங்கியிருந்தது. நாவல் மரத்தின் மேலே குயில்களும் சின்னான்களும் பழம் தின்றுகொண்டிருந்தன. கீழே நான்கைந்து பெண்கள் உதிர்ந்த பழங்களையும், சதை தின்னப்பட்டு விழுந்த கொட்டைகளையும் கூடையில் பொறுக்கினார்கள். அவர்களில் மூத்தவரை மற்றவர்கள் பெரியக்கா என்று கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். கூடை நிறைந்ததும் தொட்டித் தண்ணீரில் கொட்டி, சதையைத் தேய்த்துக் கழுவினார். மிதந்தவற்றை ஒதுக்கிவிட்டு, மூழ்கிய கொட்டைகளை நிழலில் சாக்கின் மேல் பரப்பினார்.

“வெயில்ல காய வச்சா செத்துப்பூடும் தம்பி. நாவக்கொட்டைக்கு ரெண்டு வாரந்தான் உசுரு. வேப்பங்கொட்டையும் ரொம்ப நாளு தாங்காது. பழம் வுழும்போதே பொறுக்கணும், உடனே ஊனணும்.”

நெல்லையும் கேழ்வரகையும் காயவைத்து அடுத்த பட்டத்துக்கு எடுத்து வைக்கிறோம். நாவல், வேம்பு போன்றவற்றின் விதை அப்படிக் காத்திருக்காது. ஆகவே எந்த மரம் எந்த வாரம் பழுக்கும், எந்த ஊர் ஏரிக்கரையில் நிற்கிறது என்பதெல்லாம் இந்தப் பெண்களுக்கு மனப்பாடம். ஒரு வாரம் தவறினால் அடுத்த ஆண்டுதான்.

ஒவ்வொரு விதையின் குணமும் வேறு. கொன்றை விதையின் தோல் கெட்டியானது. சொரசொரப்பான கல்லில் தேய்த்தோ வெந்நீரில் ஊறவைத்தோ போட்டால்தான் சீக்கிரம் முளைக்கும். புன்னங்கொட்டையின் ஓட்டை, உள்ளே பருப்பு நசுங்காமல் தட்டி விரிசல் விட வேண்டும். ஆல், அரசு, இச்சி விதைகளோ தூசி போன்றவை. அவற்றை விதைத்து வளர்ப்பதைவிட, பறவை எச்சத்திலிருந்து பழைய சுவரிலும் கிணற்றிலும் முளைத்திருக்கும் கன்றுகளை வேர் அறாமல் பிடுங்கி வந்து பையில் வைப்பதே சுலபம் என்றார் பெரியக்கா. சின்னான்கள் வந்து உட்காரும் நிழல்வலைக் கம்பத்தின் அடியைக் காட்டினார். அங்கே வேம்பும் சந்தனமும் தாமாக முளைத்திருந்தன. “இது குருவி வெதச்சது. நாங்க பைக்கு மாத்துறது மட்டுந்தான்.”

முன்னரே முளைத்த நாவல் கொட்டை ஒன்றைத் தாய்ப்பாத்தியிலிருந்து பெயர்த்து என் உள்ளங்கையில் வைத்தார். ஒரே கொட்டையிலிருந்து மூன்று முளைகள். நாவலின் இயல்பே அது. ஒரு விதைக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட கருக்கள் இருக்கும். மூன்றையும் விட்டால் ஒன்றோடொன்று போட்டியிடும். கட்டைவிரல் நகத்தால் மெலிந்த இரண்டையும் கிள்ளிவிட்டு, மிஞ்சியதை ஆணிவேர் மடங்காமல் பைக்குள் இறக்கி, செம்மண்ணும் மணலும் தொழுவுரமும் கலந்த மண்ணை விரலால் அழுத்தினார். எல்லாம் சில நொடிகளில் முடிந்தது. பை வைத்த இடத்திலேயே கன்றை விட்டுவிட்டால் ஆணிவேர் பையைத் துளைத்துத் தரைக்குள் இறங்கிவிடும். பிறகு தூக்கும்போது வேர் அறும். அதனால் அவ்வப்போது ஒவ்வொரு பையையும் எடுத்து இடம் மாற்றி வைக்கிறார்கள். குனிந்தபடியே செய்கிற வேலை.

ஆரோவில் 1968இல் தொடங்கியபோது இந்த மேடு, மழைநீர் அரித்துப் பள்ளம் விழுந்த பொட்டல். மண்ணைப் பிடித்து நிறுத்த, விரைவாக வளரும் ஆஸ்திரேலிய வேல மரத்தை நட்டு, அதன் நிழலில் நாட்டு மரங்களைக் கொண்டுவந்தார்கள். 1973இல் ஜாஸ் புரூக்ஸ் தொடங்கிய பிச்சாண்டிக்குளம் காடு அப்படி எழுந்தது. அந்த மரங்களுக்கு விதை தேடியவர்கள் போய்ச் சேர்ந்த இடங்களில் முக்கியமானவை கோயில் காடுகள். சோழமண்டலக் கரையோரத்து உலர் பசுமைமாறாக் காடு இன்று பெரும்பாலும் அய்யனாருக்கும் அம்மனுக்கும் விட்ட தோப்புகளில்தான் மிஞ்சியிருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்புத்துப்பட்டு அய்யனார் கோயிலைச் சுற்றி நிற்பது அத்தகைய ஒன்று. வீரை, காயா, கருங்காலி, உலக்கைப்பாலை என்று அந்தக் காட்டின் மரங்கள் மறுபடி பரவியதற்கு நாற்றங்கால் வேலையே அடிப்படை. சென்னையில் குப்பை கொட்டிக் கெட்டுக்கிடந்த அடையாற்றுக் கழிமுகத்தின் 58 ஏக்கரில், பிச்சாண்டிக்குளம் குழுவின் துணையோடு நாட்டுத் தாவரங்களை நட்டு மீட்டார்கள். 2011 தொடக்கத்தில் திறக்கப்பட்ட அந்த இடத்தை இன்று தொல்காப்பியப் பூங்கா என்கிறோம்.

நாற்றங்காலின் மூலையில் மாவிலங்கக் கன்றுகள் வரிசையாக இருந்தன. பாதிக் கன்றுகளில் இலைகள் நரம்பு தெரியக் கடிபட்டிருந்தன. வெள்ளைச் சிறகின் நுனியில் ஆரஞ்சுத் தீட்டு உள்ள பெரிய வண்ணத்துப்பூச்சி ஒன்று மாவிலங்கத்திலும் ஆதொண்டையிலும் முட்டையிடும். அதன் பச்சைப் புழுக்கள் தின்ற இலைகள் அவை. நாங்கள் நின்றுகொண்டிருக்கும்போதே ஒரு தையல்சிட்டு பைகளுக்கிடையே தத்தித் தத்தி வந்து, ஒரு புழுவைக் கவ்விக்கொண்டு வேலியோரக் காரைப் புதருக்குள் நுழைந்தது. கன்று வாங்க வருகிறவர்கள் கடிபட்ட இலையைப் பார்த்ததும் வேண்டாம் என்பார்களாம். “மருந்து அடிக்க மாட்டோம். தின்னா தின்னுட்டுப் போவுது, மறுபடி துளிரும்” என்றார் பெரியக்கா.

பறவைத் தோட்டத்தின் அடிப்படை அந்தக் கடிபட்ட இலைதான். பழம் தின்னும் சின்னானும், தேன் குடிக்கும் தேன்சிட்டும், தானியம் பொறுக்கும் சிட்டுக்குருவியும் தம் குஞ்சுகளுக்குப் புழு பூச்சிகளைத் தேடி ஊட்டுகின்றன. புழுக்களோ எல்லா இலையையும் தின்பதில்லை. கறிவேப்பிலைக்கு ஒரு வகை, எருக்குக்கு ஒரு வகை என்று நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்து பழகியவை அவை. வேறு கண்டத்திலிருந்து வந்த அழகுச் செடிகள் பலவற்றின் இலை நம் பூச்சிகளுக்கு ஆகாது. அவற்றையே நிரப்பிய தோட்டம் ஆண்டு முழுதும் பச்சையாக இருக்கும். குஞ்சு வைத்திருக்கும் தாய்ப்பறவைக்கு அங்கே இரை இருக்காது.

சின்ன வீட்டிலும் இதற்கு இடமுண்டு. வேலிக்குக் குருவிச்சி, காரை, களா. பழமும் கிடைக்கும், முள் இருப்பதில் கூடும் கட்டலாம். நடுத்தர மரமாக மாவிலங்கம், ஆத்தி, நறுவிலி. இடம் தாராளமாக இருந்தால் நாவல். ஊர்ப் பொது இடத்தில் ஆலும் இச்சியும். அவை மரத்துக்கு மரம் வேறுவேறு காலத்தில் பழுப்பதால் மற்ற மரங்கள் ஓய்ந்திருக்கும்போதும் குக்குறுவானுக்கும் குயிலுக்கும் தீனி இருக்கும். சருகைக் கூட்டி எரிக்காமல் மரத்தடியில் விட்டால் தவிட்டுக்குருவிகள் வந்து கிளறிப் பூச்சி எடுக்கும்.

ஆனால் வீரையும் பாலையும் மெதுவாக வளர்பவை. ஓரடிக் கன்று ஆக ஓராண்டுக்கு மேல்கூடத் தண்ணீர் ஊற்ற வேண்டும். சீக்கிரம் விற்பதையே நம்பியிருக்கும் நாற்றங்கால்காரர் இவற்றை வளர்க்கத் தயங்குகிறார். விதை பொறுக்கும் பெண்களுக்குக் கிடைப்பதும் நாட்கூலிதான். அவர்கள் அறிந்திருப்பது ஒரு கலை. அதை யாரும் படிப்பென்று மதிப்பதில்லை. அடுத்த தலைமுறைக்கு அது போய்ச் சேராவிட்டால், கோயில் காட்டில் மரம் பழுத்து நின்றாலும் அந்த வாரம் போய்ப் பொறுக்க ஆள் இருக்காது.

இந்த ஐப்பசி மழைக்கு முன் உங்கள் ஊர் நாற்றங்காலில் காரையும் குருவிச்சியும் மாவிலங்கமும் கேளுங்கள். இல்லை என்பார்கள். அடுத்த ஆண்டும் கேளுங்கள், பக்கத்து வீட்டாரையும் கேட்கச் சொல்லுங்கள். கேட்பவர்கள் நாலு பேரானால் நாற்றங்கால்காரர் விதை தேட ஆள் அனுப்புவார். பெரியக்கா போன்றவர்களின் அறிவுக்கு உரிய விலையும் அப்போதுதான் வரும்.