நெருப்புநரியின் ஞாபகசக்தி

போன செமஸ்டர் புராஜெக்ட் வைவாவில் வசமாக மாட்டிக்கொண்டேன். ஜிஎஸ்டி பற்றிய அறிக்கையில் ஓர் அட்டவணை. "இதை எங்கேர்ந்து எடுத்தே?" என்றார் சார். தளத்தின் பெயரைக் குறித்து வைக்கவில்லை. உலாவியின் ஹிஸ்டரியில் தேடிக்கொள்ளலாம் என்ற தைரியம்தான். அறைக்கு வந்து தேடினால் காணோம்! நான் படித்து நாலு மாதம். அந்த உலாவி வைத்திருப்பதோ 90 நாள். அட்டவணையை எடுத்த பிறகுதான் கையெழுத்துக் கிடைத்தது.

அன்றைக்கே நெருப்புநரிக்கு, அதாங்க ஃபயர்பாக்ஸுக்கு, மாறினேன். இதில் எத்தனை நாள் என்று நோண்டிப் பார்த்தால் நாள் கணக்கே இல்லை. 2011-இல் வந்த 4-ஆம் பதிப்பிலிருந்து பக்கக் கணக்குதான். கணினியின் நினைவகம், வட்டின் அளவு பார்த்து உச்சவரம்பை அதுவே போட்டுக்கொள்கிறது. தாண்டினால் பழைய பக்கங்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கழியும்.

முகவரிப் பட்டையில் 'அபௌட்:கான்ஃபிக்' என்று ஆங்கிலத்தில் அடித்து, 'ட்ரான்சியன்ட்_கரன்ட்_மேக்ஸ்_பேஜஸ்' தேடினால் அந்த எண் தெரியும். அதைத் திருத்திப் பயனில்லை. அடுத்த முறை திறக்கும்போது பழையபடி ஆகிவிடும். 'பிளேசஸ்.ஹிஸ்டரி.எக்ஸ்பிரேஷன்.மேக்ஸ்_பேஜஸ்' என்ற பெயரில் ஓர் எண்ணை நாமே புதிதாகச் சேர்க்க வேண்டும்.

சேர்த்தும் விட்டேன். ஆனால் எவ்வளவு பெரிதானாலும் வரம்பு வரம்புதானே? புத்தகக்குறி போட்டு வைத்த முகவரி மட்டும் இந்தக் கழிவில் போகாது.

வவுச்சர் இல்லாமல் பதிவு போடாதே என்று முதல் வருஷமே கணக்குப்பதிவியலில் சொல்லித் தந்தார்கள். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன். மூன்றாம் வருஷம்தான் புரிந்தது.