அடுத்த தோட்டத்திடம் தோற்பது

தோல்வியில் தூரத்துத் தோல்வி, பக்கத்துத் தோல்வி என்று இரண்டு வகை உண்டு. இதை எனக்குக் கற்றுத் தந்தவர் என் நானா.

2022 நவம்பர் 22ஆம் திகதி, கட்டாரில் நடந்த உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தில் ஆர்ஜென்டீனா 1-2 என்ற கோல் கணக்கில் சவூதி அரேபியாவிடம் தோற்றது. நானா ஆர்ஜென்டீனாவின் தீவிர ரசிகர். பத்தாம் இலக்க ஜேர்சியைக் கழற்றி வீசிவிட்டு ஒரு மணித்தியாலம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, "பரவால்ல உம்மா, இன்னும் ரெண்டு மேட்ச் ஈக்கி" என்று அவரே சிரித்துவிட்டார். அந்த வருடம் ஆர்ஜென்டீனாதான் கிண்ணத்தையும் வென்றது.

கடந்த வருடம் எங்கள் பஜார் அணி, அடுத்த தோட்டத்து அணியிடம் 0-1 என்று தோற்றது. அதற்கு நானா மூன்று நாள் கடைப் பக்கமே வரவில்லை.

தோழியரே, நமுனுகுல மலை இரண்டாயிரம் மீற்றருக்கும் மேல் உயரமானது. அதன் பெயருக்குச் சிங்களத்தில் ஒன்பது சிகரங்கள் என்று பொருள். அந்த மலையடியில்தான் எங்கள் சின்ன பஜாரும் இருக்கிறது, சுற்றிலும் தேயிலைத் தோட்டங்களும் இருக்கின்றன. பஜார்ப் பிள்ளைகளும் தோட்டத்துப் பிள்ளைகளும் ஒரே பஸ்ஸில்தான் பசறைக்கும் பதுளைக்கும் போகிறார்கள். விளையாடுவதற்கு இருப்பதும் ஒரே மைதானம். அதன் ஒரு பக்கம் சரிவு. பந்து உருண்டால் தேயிலைச் செடிகளுக்குள் இறங்கித் தேட வேண்டும்.

அன்றைய இறுதிப் போட்டி கடைசி ஐந்து நிமிடம்வரை கோல் இல்லாமலே போனது. பிறகு எங்கள் பக்கத்து ஆள் ஒருவரின் கையில் பந்து பட்டதென்று நடுவர் பெனல்டி கொடுத்தார். பட்டதா படவில்லையா என்று பஜாரில் இன்றைக்கும் முடிவாகவில்லை. அந்த ஒரு கோலோடு ஆட்டம் முடிந்தது. மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னர் வென்றவர்கள் லொறியில் ஏறி, தப்பு அடித்து, பட்டாசு கொளுத்தி, கிண்ணத்தைத் தூக்கிக் காட்டியபடி பஜாருக்குள் வந்தார்கள். எங்கள் கடை வாசலில் லொறி ஒரு நிமிடம் நின்றது. வேண்டுமென்றேதான் நிறுத்தினார்கள். நானா உள்ளே போய் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார்.

சவூதி அரேபியாவின் வீரர்கள் மறுநாள் காலை வந்து எங்கள் கடையில் பாண் வாங்கப் போவதில்லை. அடுத்த தோட்டத்து வீரர்கள் வருவார்கள். காசு கொடுக்கும்போது ஒரு சிரிப்புச் சிரிப்பார்கள். பக்கத்துத் தோல்வி வலிப்பதற்கு இதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. தூரத்து அணி நம்மைவிடப் பெரியது, வசதியானது என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். அடுத்த தோட்டம் நம்மைப் போலவே இருக்கிறது. அதே மழை, அதே சரிவு மைதானம், அதே தேய்ந்த சப்பாத்து. அவர்களிடம் தோற்றால் சொல்லச் சாட்டு எதுவும் இல்லை.

இந்த வலி நமுனுகுலயில் மட்டும் உள்ளதில்லை. கொல்கத்தாவின் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்ற இரண்டு கழகங்களின் கதையைப் படித்தபோது எங்கள் பஜாரையே பெரிதாக்கிப் பார்ப்பது போலிருந்தது. மோகன் பகான் 1889இல் தொடங்கியது. ஈஸ்ட் பெங்கால் 1920இல் பிறந்ததே ஒரு கோபத்தில்தான். மோகன் பகானுக்கு எதிரான ஓர் ஆட்டத்தில் ஜோராபகான் கழகம் தன் வீரர் ஒருவரைக் காரணமின்றி நீக்கியது. அந்தக் கழகத்தின் உபதலைவராக இருந்த சுரேஷ் சந்திர சௌத்ரி அதைப் பொறுக்க முடியாமல் வெளியேறி, மற்றவர்களோடு சேர்ந்து புதிய கழகத்தை அமைத்தார். 1947இல் வங்காளம் பிரிக்கப்பட்ட பிறகு, கிழக்கிலிருந்து வீடிழந்து வந்தவர்களுக்கு அந்தக் கழகம் சொந்த ஊர் மாதிரி ஆனது. மண்ணின் பழைய குடிகள் மோகன் பகான் பக்கம் நின்றார்கள்.

அங்கே யார் வென்றார்கள் என்பதைச் சமையலறையே சொல்லிவிடுமாம். ஈஸ்ட் பெங்கால் வென்றால் இலிஷ் மீன், மோகன் பகான் வென்றால் இறால். தோற்றவர் வீட்டு அடுப்பில் என்ன வெந்தது என்பதைத்தான் யாரும் எழுதி வைக்கவில்லை.

1975 செப்டம்பர் 30ஆம் திகதி நடந்த ஐ.எப்.ஏ. கேடய இறுதிப் போட்டியில் ஈஸ்ட் பெங்கால் 5-0 என்று வென்றது. ரசிகர்களின் கோபத்துக்குப் பயந்து மோகன் பகான் வீரர்கள் சிலர் வீட்டுக்குப் போகாமல் ஆற்றில் ஒரு படகில் இரவைக் கழித்ததாகச் சொல்வார்கள். ஓர் இளம் ரசிகர் அந்தத் தோல்வியைத் தாங்காமல் தன் உயிரையே மாய்த்துக்கொண்டார். 2009 ஒக்டோபர் 25ஆம் திகதி மோகன் பகான் 5-3 என்று வென்றபோது, 1975க்குப் பதில் கொடுத்துவிட்டோம் என்று ரசிகர்கள் கொண்டாடினார்கள். நடுவில் 34 வருடங்கள்! நானாவின் மூன்று நாள் அதற்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

1980 ஓகஸ்ட் 16ஆம் திகதி நடந்தது இன்னும் கொடியது. ஈடன் கார்டன் மைதானத்தில் இந்த இரு அணிகளும் மோதிய ஆட்டத்தில் பார்வையாளர்களிடையே கலவரம் மூண்டு, நெரிசலில் 16 பேர் இறந்தார்கள். விளையாட்டுப் பார்க்கப் போன பிள்ளைகள் வீடு திரும்பவில்லை. அந்த நாளை நினைவுகூர்ந்து கொல்கத்தாவில் இரத்ததான முகாம்கள் நடத்துகிறார்கள்.

தோற்ற வலி உண்மையானது. நான் அதைக் கேலி செய்யவில்லை. ஆனால் அந்த வலி எங்கே போய் இறங்குகிறது என்பதை யாராவது கேட்க வேண்டும். மைதானத்திலேயே அது இறங்கினால் ஊரே பார்க்கும், பொலிஸ் வரும், பத்திரிகை எழுதும். பெரும்பாலும் அது வீட்டுக்குத்தான் வருகிறது. வீட்டுக்குள் வருவதை யாரும் பார்ப்பதில்லை.

இங்கிலாந்தில் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002, 2006, 2010 ஆகிய மூன்று உலகக் கிண்ணங்களின்போது, லங்காஷயர் பகுதிப் பொலிஸில் பதிவான வீட்டு வன்முறை முறைப்பாடுகளை ஆராய்ந்தார்கள். இங்கிலாந்து அணி தோற்ற நாட்களில் அவை 38 சதவீதம் கூடியிருந்தன. வென்ற நாட்களிலும் சமநிலையில் முடிந்த நாட்களிலும்கூட 26 சதவீதம் கூடியிருந்தன. ஆட்டத்தில் விளையாடாத, பந்தைத் தொடாத பெண்கள் அந்தத் தொண்ணூறு நிமிடத்துக்கு விலை கொடுத்திருக்கிறார்கள்.

என் நானா கை ஓங்குபவர் அல்லர். அவரைப் பற்றி அப்படி யாரும் நினைத்துவிடக் கூடாது. ஆனால் அந்த மூன்று நாளும் எங்கள் வீடு எப்படி இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். உம்மா தேத்தண்ணி ஊற்றி வைப்பார், அது ஆறிப்போகும். மறுபடியும் ஊற்றி வைப்பார். கதவு படாரென்று சாத்தும். ரேடியோவைக் குறைக்கச் சொல்வார்கள். தங்கச்சி சிரித்தால் "என்ன சிரிப்பு?" என்று ஒரு குரல் வரும். நாங்கள் மூன்று பேரும் குசுனிக்குள் காலடிச் சத்தம் கேட்காமல் நடந்தோம்.

இரண்டாம் நாள், "நானா, அவங்கட கோல் காப்பாளர் இடப்பக்கமாத்தான் பாயுற. நம்மடவங்க எல்லாரும் அந்தப் பக்கமே அடிச்சாங்க" என்று சொன்னேன்.

"பொம்புளப் புள்ளைக்கு என்ன தெரியும், போ" என்றார்.

எனக்குத் தெரியும். மைதானத்துக்கு மேலே போகும் பாதை ஓரத்தில் எங்கள் மாமி வீடு. அந்த வீட்டு யன்னலில் இருந்து முழு ஆட்டத்தையும் பார்த்தேன். ஆட்டம் முடிந்த ஊதல் கேட்டபோது எனக்கும் தொண்டை அடைத்தது. மூன்று வருடமாக ஒவ்வொரு சுற்றையும் அந்த யன்னலில் இருந்துதான் பார்த்து வருகிறேன். ஆனாலும் எங்கள் வீட்டில் தோற்றவர் நானா மட்டும்தான். துக்கப்படும் உரிமை அவருக்கு இருந்தது. அந்தத் துக்கத்தைச் சுமக்கும் வேலை எங்களுக்கு வந்தது. தோழியரே, எனக்கு வலித்தது இந்த இடத்தில்தான்.

நான்காம் நாள் வாப்பா நானாவைக் கடைக்குக் கூப்பிட்டார். "நான் போகல்ல வாப்பா, அவனுகள் வருவானுகள்" என்றார் நானா.

"வரத்தான் வேணும். அவங்க வராட்டி நாங்க என்னத்த திங்கிற?" என்றார் வாப்பா. அவருடைய கடன் கொப்பியில் இரண்டு அணிகளின் பெயர்களும் அடுத்தடுத்த பக்கத்தில் இருக்கின்றன. மாதச் சம்பளம் வரும்வரை அரிசியும் மாவும் பருப்பும் கருவாடும் கொடுத்து எழுதி வைக்கும் கொப்பி அது. அதில் வென்றவர், தோற்றவர் என்று தனித்தனிப் பக்கம் இல்லை.

அன்று பின்னேரம் பாடசாலை விட்டு வந்து நான் கடைக்குள் உட்கார்ந்திருந்தேன். அந்தத் தோட்டத்துக் கோல் காப்பாளர் சாமான் வாங்க வந்தார். "என்னா மொதலாளி, சின்ன மொதலாளிய மூணு நாளா காணோம்?" என்று வாப்பாவிடம் கேட்டார். நானா தராசைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் சீனியை வாங்கிப் பையில் போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு நானாவைப் பார்த்து, "ரெண்டாவது பாதில நீங்க அடிச்ச பந்து கம்பத்துல பட்டுச்சே, அது எனக்குக் கண்ணுக்கே தெரியலங்க. ராத்திரி தூங்கவே இல்ல, அது உள்ள போயிருந்தா என்னா ஆயிருக்கும்னு" என்றார்.

நானா நிமிர்ந்து பார்த்தார். அடுத்த அரை மணித்தியாலம் இரண்டு பேரும் கடை வாசலில் நின்று, பந்து எங்கிருந்து வந்தது, காற்று எந்தப் பக்கம் அடித்தது, கையில் பட்டதா இல்லையா என்று பேசிக்கொண்டே இருந்தார்கள். அன்றிரவு நானா இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார்.

நாங்கள் மூன்று நாளாகக் காலடிச் சத்தம் இல்லாமல் நடந்து தீர்க்க முடியாததை, அவரைத் தோற்கடித்தவர் அரை மணித்தியாலத்தில் தீர்த்துவிட்டார். அந்தக் கம்பத்தில் பட்ட பந்தை நானாவைப் போலவே மனதில் வைத்திருந்த இன்னொருவர் அவர்தான். எதிரணி என்பது நம் ஆட்டத்தை நம்மளவுக்குக் கவனித்துப் பார்த்த ஆட்கள். இது நானாவுக்கு நாலாம் நாள்தான் விளங்கியது.

கொல்கத்தாவிலும் ஒரு நாள் இது நடந்தது. 2024 ஓகஸ்டில் அந்த நகரத்தின் அரச மருத்துவமனை ஒன்றில் கடமையிலிருந்த இளம் பெண் மருத்துவர் ஒருவர் வன்கொடுமைக்கு உள்ளாக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். நகரமே கொதித்தது. ஓகஸ்ட் 18ஆம் திகதி மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் டியுரண்ட் கிண்ணத்தில் மோதவிருந்தன. பாதுகாப்புக் காரணம் சொல்லி ஆட்டம் இரத்துச் செய்யப்பட்டது. ஆட்டம் இல்லாத மைதானத்துக்கு வெளியே ரசிகர்கள் வந்து நின்றார்கள். இரண்டு கழகத்தாரும் சேர்ந்து வந்தார்கள், மூன்றாவது பெரிய கழகமான மொஹமடன் ஸ்போர்ட்டிங் ரசிகர்களும் வந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு நீதி வேண்டும் என்று ஒரே குரலில் கேட்டார்கள். பொலிஸார் தடியடி நடத்தியும் கலையவில்லை. ஒரு கழகத்தின் ரசிகர் மற்றக் கழகத்தின் ரசிகரைத் தோளில் ஏற்றி நின்ற படத்தை நான் பல தடவை பார்த்துவிட்டேன். நூறு வருடப் பகையின் கோபம் அன்றைக்குத்தான் இறங்க வேண்டிய இடத்தில் இறங்கியது. ஒரு பெண்ணின் மேல் இறங்காமல் ஒரு பெண்ணுக்காக இறங்கியது.

கோபப்படாதே என்று நான் எந்த ரசிகருக்கும் சொல்லப் போவதில்லை. தோற்றால் கோபம் வரத்தான் வேண்டும். வராவிட்டால் அது நம் அணியே இல்லை. அந்தக் கோபத்தைக் குசுனிக்குக் கொண்டுவராமல், தோற்கடித்தவரிடமே போய்ப் பேசுங்கள் என்றுதான் சொல்கிறேன். அடுத்த தோட்டம் அதிக தூரத்தில் இல்லை.

இன்னொன்றும் கேட்கிறேன். ஏப்ரலில் மறுபடியும் போட்டி வருகிறது. மைதானத்தின் மேற்பக்கத்தில், சரிவில்லாத இடத்தில், பெண்பிள்ளைகள் உட்கார இரண்டு வாங்கு போட்டால் போதும் என்று நானாவிடம் சொன்னேன். மாமி வீட்டு யன்னலில் இருந்து பார்த்தால் பந்து கையில் பட்டதா இல்லையா என்று தெரிவதில்லை.

"கழகத்துல கேட்டுப் பாக்கிறேன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அந்தக் கோல் காப்பாளர் எந்தப் பக்கம் பாயுறன்னு சொன்ன?" என்று கேட்டார்.

"இடப்பக்கம்" என்றேன்.