மூலத்தில் பிறந்த நங்கை

சந்தனத்துக்குப் பெயர்பெற்றது சவ்வாது மலை. அதன் இருளுக்கும் பெருமை உண்டு. அந்த இருளை நம்பித்தான் வானியல் அறிஞர் வைணு பாப்பு, அங்குள்ள காவலூரில் ஆய்வுக்கூடம் எழுப்பினார். யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் உண்டென்பது 1977-இல் தெரியவந்தபோது, அதைக் கண்ட இடங்களுள் காவலூரும் ஒன்று. 1986-இல் 234 சென்டிமீட்டர் ஆடி கொண்ட பெருந்தொலைநோக்கியும் அங்கே கண்திறந்தது.

அறிஞர் விழித்த மலையிலே, ஆசிரியத் தொழில் புரியும் நாங்கள் மூவர், சித்திரை அமாவாசை இரவொன்றில் விழித்திருந்தோம். சிறு தொலைநோக்கி, அதனோடு இணைத்த ஒளிப்படக் கருவி. எங்கள் குறி, எம் 83 எனப்படும் சுருள் விண்மீன் மண்டலம். ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ஒளியாண்டுத் தொலைவு! அந்த ஒளி புறப்பட்டபோது மண்ணில் மனிதனே இல்லை. அவன் வகுத்த குலமும் இல்லை, கோத்திரமும் இல்லை.

நிலவுலகு மணிக்கு 15 பாகை சுழல்கிறது. அதற்கு ஈடாகக் கருவியையும் திரும்பவிட்டு, மும்மூன்று நிமிடமாக நாற்பது படங்கள் எடுத்தோம். தனித்தனியே பார்த்தால் வெறும் மங்கல். கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்ததும் சுருளின் கைகள் துலங்கின.

நள்ளிரவு கடந்தது. தெற்கு வானில் தேள் உருவ விண்மீன் கூட்டம் நிமிர்ந்தது. அதன் வாலிலே மூலம்! நண்பரின் முகம் வாடிற்று. காரணம் அறிவோம். பட்டம் பெற்ற அவர் தங்கையை மூன்று வீட்டார் வந்து பார்த்தனர், மூவரும் மறுத்தனர். 'பெண் மூலம் நிர்மூலம்' என்றனராம், மாமனாருக்கு ஆகாதாம்! அவள் பிறந்த நாளில் நிலவு அந்த வழியே சென்றது. அதுதான் அவள் செய்த குற்றம்!

கேட்கிறோம்: மறுத்தவருள் எவரேனும் ஒருநாள் அண்ணாந்து அந்த மூலத்தைப் பார்த்ததுண்டா? அமெரிக்க நங்கை ஹென்றியேட்டா லீவிட், ஒளிப்படத் தகடுகளில் விண்மீன்களை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். ஒளி கூடிக் குறையும் ஒருவகை விண்மீன்களைக் கொண்டு தொலைவறியும் வழியை 1912-இல் காட்டினார். அந்த வழி நின்றே ஹபிள், 1923-இல் எடுத்த படமொன்றைக் கொண்டு, ஆந்திரமேடாச் சுருள் நம் மண்டலத்துக்கு அப்பாற்பட்டதென நிறுவினார். அங்கே ஒரு பெண் வானத்தை அளந்தாள். இங்கே வானத்தைக் காட்டிப் பெண்ணை அளக்கிறோம்!

விடியுமுன் மூலத்தையும் படமெடுத்தோம். நம் விண்மீன் மண்டலத்தின் நடுவிடம் அத்திசைக்கு அருகில்தான் உள்ளது; படமெங்கும் பாலொளி. தங்கையிடம் அதைத் தந்தார் நண்பர். நெடுநேரம் பார்த்திருந்தவள் சொன்னாள்:

"சாதகம் கேட்டு இனி எவரேனும் வந்தால் இதைக் கொடுங்கள், அண்ணா. இதில் மூலம் எதுவெனக் காட்டட்டும், பிறகு பேசலாம்."