சர்க்கார் வீடும் நாமும்

தலைநகர் தில்லியில் தமிழர் குடியேறிய வரலாற்றை எழுதப் புகுவோர், சர்க்கார் குவார்ட்டர்ஸை ஒதுக்கிவிட்டு எழுத இயலாது. வெள்ளையர் ஆட்சியின் கடைசி ஆண்டுகளில் கட்டப்பெற்ற லோதி காலனி, சுதந்திரத்துக்குப் பின் விநய் நகர் என்று எழுந்து பிற்பாடு சரோஜினி நகர், நேதாஜி நகர் முதலிய பெயர்களைப் பூண்ட குடியிருப்புகள், அவற்றுக்கும் பின்னர்த் தெற்கே பரந்த ராமகிருஷ்ணபுரம் ஆகியவையே, குமாஸ்தாவாகவும் ஸ்டெனோகிராபராகவும் வந்திறங்கிய நம்மவர் அடுப்பு மூட்டிய இடங்கள். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகள் எங்கெங்கே உள்ளன என்று எண்ணிப் பாருங்கள்: லோதி எஸ்டேட், லட்சுமிபாய் நகர், மோதி பாக், ராமகிருஷ்ணபுரம். 1973-இல் குடமுழுக்குக் கண்ட மலை மந்திரும், தில்லித் தமிழ்ச் சங்கத்தின் கட்டடமும் ராமகிருஷ்ணபுரத்திலேயே அமைந்தன. குவார்ட்டர்ஸ் இருந்த பக்கம் பள்ளி வந்தது, கோயில் வந்தது, வாழையிலையும் வடாமும் விற்கும் கடை வந்தது.

இத்தனை உறவு இருந்தும் அவ்வீட்டின் விதிகளை நம்முள் எத்தனை பேர் படித்திருக்கிறோம்? விடுப்பு விதியையும் பயணப்படி விதியையும் எண்ணோடு ஒப்பிப்போம். பதவி உயர்வுப் பட்டியலில் ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும் கண்டுபிடிப்போம். நாம் படுத்துறங்கும் கூரையைப் பற்றிய விதிகள் மட்டும், ஓய்வுபெறும் ஆண்டில்தான் நம் கண்ணில் படுகின்றன. நெடுங்காலம் இவ்வீடுகளை ஆண்டவை 1963-ஆம் ஆண்டின் ஒதுக்கீட்டு விதிகள். அவற்றின் இடத்தில் 2017-இல் புதிய விதிகள் வந்தன. சொற்கள் மாறியிருப்பினும் அடிப்படை மாறவில்லை.

அந்த அடிப்படை ஒரு சொல்லில் இருக்கிறது. மாதந்தோறும் சம்பளத்தில் பிடிக்கப்படும் தொகையை நாம் 'வாடகை' என்கிறோம். சம்பளச் சீட்டோ அதனை 'லைசென்ஸ் ஃபீ', அதாவது உரிமக் கட்டணம் என்கிறது. வாடகைக்காரர் என்றால் அவருக்கு வாடகைச் சட்டத்தின் காவல் உண்டு. 1958-ஆம் ஆண்டின் தில்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் சர்க்காருக்குச் சொந்தமான கட்டடங்களைத் தன் எல்லைக்கு வெளியே வைத்துவிட்டது. ஆகவே நாம் வாடகைக்காரர் என்ற வகையிலேயே சேரமாட்டோம். வகிக்கும் பதவியை ஒட்டி, அப்பதவி உள்ளவரை, இன்ன கதவெண்ணில் வசிக்கலாம் என்ற அனுமதி பெற்றவர்கள். பத்திரம் எழுதும் கலையில் இவ்விரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வேற்றுமை உண்டு.

கட்டணம் மிகச் சிறிது என்பதில் ஐயமில்லை. முன்னாளில் ஊதியத்தில் நூற்றுக்குப் பத்துக்கு மேற்படாமல் பிடித்தார்கள். 1987 ஜூலை முதல் வீட்டின் வகையையும் பரப்பையும் கொண்டு ஒரே சீரான தொகையாக்கினார்கள். ஆனால் 'சும்மா கிடைத்த வீடு' என்று உறவினர் சொல்லும்போது நாம் ஒன்றை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. குவார்ட்டர்ஸில் இருப்பவருக்கு வீட்டு வாடகைப்படி கிடையாது. பெருநகரங்களில் அப்படி 2024 ஜனவரியில் அடிப்படைச் சம்பளத்தின் நூற்றுக்கு 30 ஆயிற்று. நாற்பதாயிரம் அடிப்படைச் சம்பளம் உள்ளவர் அவ்விகிதத்தில் மாதம் பன்னிரண்டாயிரத்தை விட்டுக்கொடுத்துத்தான் அவ்வீட்டில் இருக்கிறார். அத்தொகைக்கு அலுவலகத்தின் அண்மையில், பள்ளியும் மருந்தகமும் நடைதூரத்தில் இருக்க, வேறு வீடு கிடைக்குமா என்பது அவரவர் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு.

வீடு கிடைக்கும் வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சம்பள நிலைக்கேற்ப முதல் வகை முதல் எட்டாம் வகை வரை வீடுகள் உள்ளன. கீழ்வகை வீடுகளுக்குப் பணியில் சேர்ந்த நாளே முன்னுரிமை நாள். முன்பு நிர்மாண் பவனின் படிகளில் ஏறியிறங்கிச் செருப்புத் தேய்ந்தது. இப்போது கணினியில் விருப்பம் தெரிவித்துக் காத்திருக்கிறோம். 2020 டிசம்பர் 25-ஆம் நாள் தொடங்கப்பெற்ற 'இ-சம்பதா' அதற்கான தளம். எத்தளமாயினும் வரிசை வரிசைதான். நமக்கு முன்னே ஒருவர் காலி செய்ததால் நாம் உள்ளே வந்தோம் என்பதும், நமக்குப் பின்னே ஒருவர் நிற்கிறார் என்பதும் அவ்வரிசையில் நின்றவர்க்குத் தெரியும்.

வீட்டினுள் நுழையும் அன்று ஒரு பட்டியலில் கையெழுத்திடுகிறோம். மின்விசிறி இத்தனை, குழாய் இத்தனை, கதவு, கண்ணாடி, அலமாரி என்று நீளும் அப்பட்டியலைச் சரிபார்க்காமல் கையெழுத்திடுவோர் பலர். உடைந்த கழுவுதொட்டியை நல்லதென்று ஒப்புக்கொண்டால், காலி செய்யும் நாளில் அது நாம் உடைத்ததாகிவிடும். பழுதை மத்தியப் பொதுப்பணித் துறையின் 'என்கொயரி'யில் பதிவுசெய்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்வது நல்லது. பதிவாகாத புகார் சர்க்கார் கண்ணில் பிறக்காத குழந்தை.

நம்மவருக்கே உரிய சில வழக்கங்கள் இங்கே இடறுகின்றன. வெள்ளிக்கிழமைதோறும் வாளி வாளியாக நீர் ஊற்றி வீட்டை அலம்புவது ஊர்ப் பழக்கம். ஊரில் முற்றமும் சாக்கடையும் இருந்தன. இங்கே இரண்டாம் மாடித் தளத்தில் ஊற்றிய நீர் கீழ்வீட்டுப் பஞ்சாபியின் கூரையில் படமாக விரியும். விடியற்காலை ஐந்து மணிக்கு கிரைண்டர் ஓடினால் கீழே கட்டிலும் சேர்ந்து ஓடும். பால்கனியை அடைத்து அறையாக்குவதும், கீழ்த்தள வீட்டார் கொல்லைப்புறத்தில் தகரக் கொட்டகை எழுப்புவதும் விதிப்படி அனுமதியற்ற கட்டுமானம். இரண்டு அறைகளில் பாட்டியும் பேரனும் சேர்ந்து ஆறு பேர் வாழும்போது பால்கனியை அடைக்கத் தோன்றுவது இயற்கைதான். விதியை வகுத்தவர் அந்த இரண்டு அறைகளில் வாழ்ந்து பார்த்திருக்க மாட்டார் என்று நாம் முணுமுணுப்பதிலும் நியாயம் உண்டு. எனினும் ஒருவர் அடைத்தால் எல்லாரும் அடைப்பர். அப்புறம் அக்கட்டடத்தில் காற்று எங்கே நுழையும்?

இனி, எல்லாவற்றிலும் நுட்பமான விஷயத்துக்கு வருவோம். கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் ஒரு டிரங்குப் பெட்டியோடும், 'இவன் நம் ஊர்ப் பையன், வேலை கிடைக்கும்வரை பார்த்துக்கொள்ளவும்' என்ற கடிதத்தோடும் வந்து நின்றவர்களால் வளர்ந்ததே நம் சமூகம். வந்தவனுக்கு அவ்வீட்டுத் தலைவர் மாமா, தலைவி மாமி. தாழ்வாரத்தில் ஒரு கயிற்றுக் கட்டில், மாமியின் கையால் ரசம் சாதம், ஞாயிறன்று தேர்வு விண்ணப்பம். சம்பளம் வரத் தொடங்கியதும் சாப்பாட்டுக்கென்று ஒரு தொகையைக் கூச்சத்தோடு தட்டின் ஓரத்தில் வைப்பான். அவ்வாறு தங்கி உயர்ந்தவர்கள் இம்மலரின் வாசகர்களிலேயே பலர் இருப்பர்.

விதி இதனை எவ்வாறு பார்க்கிறது? 1963-ஆம் ஆண்டு விதிகள், வீடு பெறும் தகுதியுள்ள மத்திய அரசு ஊழியரோடு வீட்டைப் பகிர்ந்துகொள்ள இடம் தந்தன. முழு வீட்டையும் உள்வாடகைக்கு விடுவதைத் தடுத்தன. நெருங்கிய உறவினர் உடனிருப்பது குற்றமாகக் கருதப்படவில்லை. ஆனால் சர்க்காரின் உறவினர் பட்டியலில் இருப்பவர் இரத்த உறவுள்ள மாமா. நம் பட்டியலிலோ ஊரே மாமா. சோதனைக்கு வரும் அதிகாரியிடம், தனியார் கம்பெனியில் பணிபுரியும் இளைஞனைக் காட்டி 'மருமான்' என்றால், எந்த வழியில் மருமான் என்று அவர் கேட்கத்தான் செய்வார்.

இவ்விடத்தில் நம் கருத்தை ஒளிக்க விரும்பவில்லை. வந்தவனுக்குச் சில மாதம் சோறிட்டு வழிகாட்டுவது ஒன்று. மயூர் விஹாரிலோ துவாரகாவிலோ சொந்த வீடு வாங்கிக் குடியேறியபின், சரோஜினி நகர் வீட்டுச் சாவியை ஒரு தரகர் வழியே யாரோ ஒருவரிடம் கொடுத்து, சில நூறு ரூபாய் உரிமக் கட்டணத்துக்குப் பெற்றதைப் பல ஆயிரத்துக்கு விடுவது முற்றிலும் வேறொன்று. பின்னதைச் செய்வோரும் முன்னதன் பெயரைச் சொல்லியே தப்பிக்கப் பார்க்கிறார்கள் என்பதுதான் நம் வருத்தம். நகரின் மறுகோடியில் ஒற்றை அறையில், பெற்ற சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, பட்டியலில் தன் எண் ஏறுமா என்று பார்த்திருக்கும் இளநிலை எழுத்தரின் கூரையன்றோ அது! பிடிபட்டால் ஒதுக்கீடு ரத்தாகும், பின்னர் வீடு பெறும் தகுதி போகும், துறை நடவடிக்கையும் வரும். இத்தண்டனையைக் கடுமை என்று நாம் சொல்லமாட்டோம்.

பாட்டு வகுப்பு நடத்தும் மாமிகளைப் பற்றியும் ஒரு சொல். வீட்டை வசிப்பதற்கன்றி வேறெதற்கும் பயன்படுத்தலாகாது என்பது விதி. நான்கு குழந்தைகள் சரளி வரிசை பாடுவதை எவரும் கடையென்று சொல்லார். வணிக உருளை வைத்து ஐம்பது பேருக்குச் சாப்பாடு கட்டி அனுப்புவது வேறு கதை.

காலி செய்ய வேண்டிய கெடுக்களை நம் வீட்டுப் பெண்டிரும் அறிந்திருத்தல் வேண்டும். 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி ஓய்வுபெற்றவர் ஆறு மாதம் இருக்கலாம். வெளியூருக்கு மாற்றலானவர்க்கு இரண்டு மாதம், பணி துறந்தவர்க்கு ஒரே மாதம். பணியிலிருக்கும்போதே குடும்பத் தலைவர் காலமானால் ஓராண்டு. கெடு கடந்தால் உரிமக் கட்டணத்தைப் போல் பன்மடங்கு இழப்புத் தொகை ஏறும். பாக்கியைப் பணிக்கொடையில் கழித்துக்கொள்ளவும் இடம் உண்டு. ஓய்வுக்கு மூன்று மாதம் முன்பே காலி செய்யுமாறு அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் கூறியது. பொதுக் கட்டடங்களிலிருந்து அனுமதியின்றி இருப்போரை வெளியேற்றும் 1971-ஆம் ஆண்டுச் சட்டம் 2019-இல் திருத்தப்பட்டபின், மூன்று நாள் அறிவிப்பில் காரணம் கேட்டு விரைவாக ஆணையிட வழி ஏற்பட்டது.

நாம் அறிந்த பெரியவர் ஒருவர், மகளின் திருமணம் தை மாதம் இவ்வீட்டிலேயே நடக்கட்டும் என்று கெடுவுக்கு மேல் ஐந்து மாதம் இருந்துவிட்டார். முப்பத்தைந்தாண்டு உழைத்தவரைச் சர்க்கார் கேட்காது என்பது அவர் நம்பிக்கை. பணிக்கொடையில் கழிந்தது, பந்தலுக்கும் நகைக்கும் ஒதுக்கிய தொகை. திருமணம் கடனில் நடந்தது.

மற்றொரு வீட்டில், கணவரை மார்ச் மாதத்தில் இழந்த ஓர் அம்மையார், மகனின் பன்னிரண்டாம் வகுப்பு நடுவே நின்றார். ஆங்கிலத்தில் மனு எழுத அவருக்குத் தெரியாது. அந்த மாடிப்படியின் நான்கு குடும்பத்தாரும் விதியின் பிரிவைத் தேடி, மனுவை எழுதி, இறப்புச் சான்றை இணைத்துக் கையெழுத்து வாங்கி அனுப்பினர். ஓராண்டு என்பது அவருக்குக் கருணையாக வரவில்லை, விதிப்படியே உரிமையாக வந்தது. பையன் தேர்வெழுதியபின் மயிலாடுதுறைக்கு மூட்டை கட்டினார்கள். விதியைப் படித்துவைத்த அண்டை வீட்டார் ஒருவர் இருந்தது அக்குடும்பத்துக்கு எவ்வளவு துணையாயிற்று என்பதை நாம் நேரில் கண்டோம்.

இப்போது அந்தப் பழைய குடியிருப்புகளே ஒவ்வொன்றாக மறைகின்றன. சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் உள்ளிட்ட ஏழு காலனிகளை இடித்துக் கட்ட மத்திய அமைச்சரவை 2016 ஜூலையில் ஒப்புதல் அளித்தது. அங்கிருந்த 12,970 வீடுகளின் இடத்தில் 25,667 வீடுகள் என்பது திட்டம். வரிசையில் நிற்பவருக்கு அது நல்ல செய்தி. 2018-இல் மரங்களை வெட்டப் புகுந்தபோது மக்கள் மரங்களைக் கட்டிக்கொண்டு நின்றதும், உயர் நீதிமன்றம் தடை விதித்ததும் நினைவிருக்கும்.

மரங்களுக்கும் விதி உண்டு. எழுத்து அனுமதியின்றி வெட்டலாகாது, அறிவுறுத்தலுக்கு மாறாக நடவும் ஆகாது என்றே 1963-ஆம் ஆண்டு விதி சொல்லிற்று. இவ்விஷயத்தில் மட்டும் கீழ்த்தள வீட்டுத் தமிழர் எவரும் அனுமதி கேட்டதாகத் தெரியவில்லை. கொல்லைப்புறத்தில் ஒரு முருங்கையும், தில்லிக் குளிருக்குச் சாக்குப் போர்த்திய கறிவேப்பிலைக் கன்றும் இருந்தால் அது நம் வீடு என்று எளிதில் அடையாளம் காணலாம். சென்ற ஆண்டு நம் வரிசையில் ஒரு குடும்பம் காலி செய்தபோது, இளநிலைப் பொறியாளர் பட்டியலை எடுத்து மின்விசிறியையும் குழாயையும் எண்ணிச் சரிபார்த்தார். முருங்கை பட்டியலில் இல்லை. சாவியைக் கொடுத்துவிட்டு அவர்கள் தாம்பரத்துக்குப் புறப்பட்டார்கள். பின்னர் வந்தவர்கள் பிகார்க்காரர்கள். முருங்கைக்காயை அவர்கள் சஹ்ஜன் என்கிறார்கள். கடுகு அரைத்து விட்டுக் குழம்பு வைக்கிறார்கள்.