நூலகத்தில் ஒரு சர்வர்

என்னைப் போன்ற மென்பொருள்காரர்கள் பலருக்குக் காலை காபியோடு ஆர்கைவ் தளத்தைப் பார்க்கும் பழக்கம் உண்டு. இன்றைய மொழி மாதிரிகளுக்கெல்லாம் அடிப்படையான டிரான்ஸ்ஃபார்மர் கட்டுரை 2017ல் வெளியானதும் அங்கேதான். காசு வேண்டாம், கணக்குத் தொடங்க வேண்டாம். 1991ல் பால் கின்ஸ்பார்க் என்ற இயற்பியலாளர் லாஸ் அலமாஸில் ஆரம்பித்தது. 2001ல் அவர் கார்னெல் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது அதுவும் கூடவே போனது. அங்கே அதை ஏற்று நடத்தியது கணினித் துறை இல்லை, நூலகம். 2010ல் அதிகம் பயன்படுத்தும் பல்கலைக்கழகங்களிடம் செலவுக்குக் கைநீட்டியதும் அந்த நூலகம்தான்.

எனக்கு இதில் ஆச்சரியமில்லை. ஒரு சர்வரைக் கட்டுவது சில மாதம், விழாமல் காப்பது ஆயுசுக்கும். மாணவர் பட்டம் வாங்கிப் போய்விடுவார், பேராசிரியர் ஓய்வு பெறுவார். நூலகம் அங்கேயே இருக்கும்.

போன வருஷம் நிலத்தடி நீர்மட்டத்தைக் கணிக்கும் ஒரு ஆய்வின் நிரலை ஓட்டிப் பார்க்க நினைத்தேன். கட்டுரை யாரும் படிக்கலாம். தரவுக்கும் நிரலுக்கும் தந்திருந்த சுட்டி ஆய்வாளரின் சொந்தப் பக்கம். திறந்தால் 404. கல்லூரி மெயிலுக்கு எழுதியது திரும்பி வந்தது. எப்படியோ ஆளைப் பிடித்தேன். "அது பழைய லேப்டாப்ல இருந்துச்சு சார், அந்த லேப்டாப்பே இப்ப இல்ல" என்றார். மூன்று வருஷம் கிணறு கிணறாகப் போய் எடுத்த அளவுகள். அந்த வருஷங்களின் நீர்மட்டத்தை இனி யார் போய் அளப்பது?

ஆய்வு நடக்கும்போதே ஒரு நூலகர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கலாம்: இந்த எண்கள் மீட்டரா, அடியா? நிரலுக்கு என்ன உரிமம்? (உரிமம் குறிப்பிடாத நிரலைப் பொதுவில் போட்டாலும் அடுத்தவர் சட்டப்படி எடுத்தாள முடியாது. இது தெரியாத ஆய்வாளர்கள் நிறைய.) பிறகு ஒரு டிஓஐ எண். கோப்பு இடம் மாறினாலும் எண் மாறாது, ஆனால் புதிய முகவரியை யாராவது பதிந்துகொண்டே இருக்க வேண்டும். செர்ன் நடத்தும் ஜெனோடோ 2013லிருந்து இதை இலவசமாகச் செய்கிறது.

நம் நூலகங்கள் ஆய்வேடுகளைச் சோத்கங்காவில் ஏற்றுகின்றன, நல்ல விஷயம். ஆனால் அட்டவணைகள் பிடிஎஃபுக்குள் உறைந்து கிடக்கின்றன. 2024 நவம்பரில் மத்திய அரசு 'ஒரே நாடு ஒரே சந்தா'வுக்கு மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய் ஒப்புதல் தந்தது. அது முக்கியமாகப் படிப்பதற்கு, அதுவும் அரசு நிறுவனங்களில் இருப்பவர்களுக்கு. அந்தப் பணத்தில் ஒரு துளியை எடுத்து, பல்கலைக்கழகத்துக்கு ஒரு தரவு நூலகரைப் போட்டிருக்கலாம் என்பது என் கட்சி.

தெரிந்த நூலகர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "எங்ககிட்ட வர்றவங்க எல்லாம் பிளேஜியரிசம் ரிப்போர்ட்டுக்குத்தான் வர்றாங்க தம்பி. டேட்டாவ எடுத்துக்கிட்டு இதுவரைக்கும் ஒருத்தர்கூட வந்ததில்ல" என்றார்.